டப்பா மேடம் வைத்த பரீட்சை

முப்பத்தோரு வருடம் பரீட்சை ஹாலில் நின்ற கணக்கு வாத்தியார் நான். கடைசி பெஞ்சில் ஒருவன் துண்டுச் சீட்டைப் பிரித்தால், கரும்பலகைப் பக்கம் நிற்கும் எனக்குக் கேட்கும். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் பாம்புக்காது. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், அதுவும் கேட்கும். பிட் அடித்து என்னிடம் மாட்டியவர்கள் மொத்தம் இருநூற்றுப் பதினாலு பேர். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பச்சைப் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அப்பேர்ப்பட்ட என்னை, அறுபத்தேழு வயதில், பிட் அடித்ததற்காக ஒரு பெண்மணி பிடித்தார். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரித் தரைத்தளத்தில் வராந்தா முடிகிற இடத்தில், போர்வையும் தலையணை உறையும் அடுக்கும் அறைக்குப் பக்கத்து அறை அவருடையது. வாசலில் ‘தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவு’ என்று பலகை. அதில் முதல் வார்த்தையை மட்டும் படித்துவிட்டு, மாதத்துக்கு நாலு பேராவது சர்டிபிகேட் ஃபைலோடு உள்ளே வந்துவிடுவார்கள். நான் இருந்தபோதே ஒருவர் வந்தார்.

“மருமகப்பிள்ளைக்கு ஏதாவது ஒரு வேலை பாத்துப் போட்டுக் குடுங்கம்மா.”

“இங்க வேலை போட்டுத் தர்றதில்லைங்க. வேலை செய்ய மறந்துபோன கைக்கு ஞாபகப்படுத்துறோம்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அவர் கையும் அப்படித்தாங்க. கூட்டிட்டு வரட்டுமா?”

மேடத்துக்குக் கோபமே வரவில்லை. நானாக இருந்தால் ஃபைலைப் பிடுங்கி வெளியே எறிந்திருப்பேன். பிறகுதான் காரணம் சொன்னார். அவரே அந்த வார்த்தையை நம்பித்தான் இந்தப் படிப்புக்கு வந்தாராம். “பேர்லயே தொழில் இருக்கு, முடிச்சதும் வேலை நிச்சயம்னு அப்பா சேத்துவிட்டுட்டார் சார். ஒரு வருஷம் கழிச்சுதான் என்ன படிக்கிறேன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுது.” பதினெட்டு வருடமாகியும் அவருடைய சித்தி, “நீ டாக்டரா, நர்ஸா? ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலை,” என்கிறாராம். “ரெண்டுக்கும் நடுவுல சித்தி, வராந்தா கடைசியில,” என்பது இவர் பதில்.

மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் துழாவுவார். தொடு உணர்ச்சியைத் திருப்பிக் கொண்டுவருவது அவர் தொழில்; தன் தலையில் இருக்கும் கண்ணாடி அவருக்கு உணர்ச்சியில் வராது. பேனா பிடிக்க மாட்டார், பென்சில்தான். மேஜைமேல் கப்பல் படம் பாதி அழிந்த ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் சாவி, நாணயம், பொத்தான், ஸ்பூன், பஞ்சு, உப்புத்தாள் என்று இருபது சாமான்கள். அந்த டப்பாவால்தான் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு டப்பா மேடம் என்று பெயர்.

எனக்கு வந்தது பக்கவாதம். பேச்சு பத்தே நாளில் திரும்பிவிட்டது. அதற்காக வீட்டில் யாரும் துள்ளிக் குதித்ததாகத் தெரியவில்லை. கால் ஒரு மாதத்தில் வந்தது. வலது கையும் அசைந்தது, தூக்கியது, பிடித்தது. எதைப் பிடித்திருக்கிறோம் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. கண்ணை மூடினால் அப்படி ஒரு கை இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

மனைவி போன பிறகு ஆறு வருடமாக என் வீட்டில் நான் தனியாகத்தான் சமைத்துச் சாப்பிட்டு இருந்தேன். மகள் அந்த வீட்டுச் சாவியை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். “நீங்க தனியா இருக்கலாம்னு அந்த மேடம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்பா, சாவியத் தந்துடறேன். அதுவரைக்கும் எங்க வீடுதான்,” என்றாள்.

மருமகன் தங்கமானவர். கஷ்டமே அதுதான். நாற்காலியில் அரை அங்குலம் முன்னால் நகர்ந்தால் போதும், “மாமா, எந்திரிக்காதீங்க, என்ன வேணும்?” என்று ஓடி வருவார். ஒன்றும் வேண்டாம், பாத்ரூம் போகிறேன் என்று வீட்டுக்கே அறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பூந்தொட்டி மாதிரி என்னைக் காலையில் வெயிலில் வைத்தார்கள், சாயங்காலம் உள்ளே எடுத்தார்கள். எனக்கு என் வீடு வேண்டும். என் அடுப்பில் நானே தண்ணீர் சுடவைத்துக் குடிக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

முதல் நாள் மேடம் கையைத் தொடவே இல்லை. கேள்வி, கேள்வி, கேள்வி.

“காலைல முழிச்சதும் வலது கை முதல்ல எதைத் தொடும் சார்?”

“போர்வையை.”

“அப்புறம்?”

“சுவிட்ச். அப்புறம் குழாய். இதெல்லாம் எதுக்கும்மா? மருந்த எழுதுங்க.”

“எழுதிட்டுதான் இருக்கேன். அடுப்புல வைக்கிற பாத்திரத்துக்கு மரப்பிடியா, இரும்புப் பிடியா?”

மதியத்துக்குள் என் கை ஒரு நாளில் தொடும் சாமான்கள் நாற்பத்து மூன்று என்று கண்டுபிடித்து, எதை எந்த வாரம் பழக்குவது என்று கட்டம் போட்டுவிட்டார். என் சர்வீஸ் முழுக்க நான் எழுதிய பாடத்திட்டங்களைக் கூட்டினாலும் அந்த ஒரு தாளுக்கு ஈடாகாது. நான் போன வருடத்ததைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவேன்.

திங்கட்கிழமை சொரசொரப்பும் வழவழப்பும். கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே உப்புத்தாளைத் தடவ வேண்டும், பிறகு கண்ணை மூடித் தடவ வேண்டும், அப்புறம் இடது கையால் தடவி, இதைத்தான் நீ தொட்டாய் என்று வலது கைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். புதன்கிழமை பயறு நிரப்பிய தொட்டிக்குள் கையை விட்டுக் கோலிக்குண்டு தேட வேண்டும். வெள்ளிக்கிழமை ஈரத் துண்டைப் பிழிய வேண்டும், பலகைத் துளைகளில் குச்சி நட வேண்டும். எல்.கே.ஜி.யில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டீர்களே என்று வாய்விட்டே சொன்னேன். “எல்.கே.ஜி.தான் சார். கை இப்பதானே பொறந்திருக்கு,” என்றார்.

வெள்ளிக்கிழமை கடைசியில் டப்பாப் பரீட்சை. கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிவிட்டு, ஒவ்வொரு சாமானாக உள்ளங்கையில் வைத்து, “இது என்ன சார்?” என்பார். முதல் வாரம் இருபதுக்கு இரண்டு. இரண்டு மதிப்பெண்! என் வாழ்நாளில் நான் போட்டிருக்கிறேன், வாங்கியதில்லை.

இரண்டாம் வாரம் என் காது விழித்துக்கொண்டது. சாவியை எடுத்தால் டப்பா ஓரத்தில் ‘கிணிங்’. நாணயம் ‘டிங்’. பொத்தான் ‘டக்’. உப்புத்தாள் உரசும். சத்தமே இல்லாவிட்டால் பஞ்சு. முதல் தடவை தற்செயல் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றாம் வாரம் பதினேழு வாங்கியபோது, கை வராமலே அது எனக்குக் கைவந்த கலை ஆகியிருந்தது. “உங்க கவனம் பிரமாதம் சார்,” என்றார் மேடம், பென்சிலால் எழுதிக்கொண்டே. நானும் மடையன் மாதிரி நன்றி சொன்னேன்.

மகளிடம் பதினேழு என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. சாவி அநேகமாகக் கைக்கு வந்த மாதிரிதான். என் வீட்டுக்கு நான் போக ஒரு பிட் அடித்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த இருநூற்றுப் பதினாலு பேரும் என்னிடம் இதையேதான் சொன்னார்கள்.

ஐந்தாம் வாரம் புதன்கிழமை, பயறுத் தொட்டிக்குள் போகவிருந்த கையை மேடம் பிடித்து நிறுத்தினார்.

“சார், இது எப்ப ஆச்சு?”

“எது?”

உள்ளங்கை ஓரத்தில் பெரிய கொப்புளம். உடைந்து நீர் வடிந்திருந்தது. அவர் பார்த்த பிறகுதான் நானே பார்த்தேன். அன்று காலை சமையலறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கெட்டிலில் இருந்து நானே வெந்நீர் ஊற்றிக் குடித்தேன். கை அதன்மேல் சாய்ந்திருக்க வேண்டும்.

“ஓ, இதுவா? கொசு,” என்றேன்.

“இவ்வளவு பெரிய கொசுவா சார்?”

கழுவி மருந்து போட்டு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கண்ணைக் கட்டினார். கையை நீட்டினேன். ‘கிணிங்.’

“இது என்ன சார்?”

“சாவி.”

“நல்லாத் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க.”

விரல்களை மூடி, ஒப்புக்கு இரண்டு தடவை உருட்டினேன். “சாவியேதான். பழைய காலத்துச் சாவி. நுனியில பல்லுகூட இருக்கு,” என்று நீட்டி முழக்கினேன்.

துணியை அவிழ்த்தார். சாவி டப்பாவுக்குள் கிடந்தது. உள்ளங்கையில் ஒன்றுமே இல்லை.

கையும் களவுமாகப் பிடிப்பது என்பார்கள். என் கையில் களவுகூட இல்லை. நான் பிடித்தவர்களில் பாதிப் பேர் அழுவார்கள். நடிக்கிறான் பார் என்று நினைப்பேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியபோதுதான் அவர்கள் நடிக்கவில்லை என்று உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“எப்பத்துலேர்ந்து தெரியும்?” என்று கேட்டேன்.

நோட்டை என் பக்கம் திருப்பினார். இரண்டாம் வாரத்திலிருந்தே என் பெயருக்கு நேராக இரண்டு கட்டங்கள். மூன்றாம் வாரத்துக்கு நேராகக் காது, பதினேழு. கை, இரண்டு.

“தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்தீங்க?”

“ஒரு தடவையாவது தெரியலன்னு நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன் சார். அது என் தப்பு. கொப்புளம் வர்றவரைக்கும் விட்டிருக்கக் கூடாது.” அவர் குரல் இறங்கிவிட்டது. தலையில் இருந்த கண்ணாடியை மேஜையில் தேடினார்.

“மககிட்ட சொல்லப் போறீங்களா?”

“நான் எதுக்குச் சொல்றேன்? நீங்க சொல்லுங்க.”

நான் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரம் டப்பாவுக்குள் தடிமனான துண்டை மடித்துப் போட்டிருந்தார். சத்தம் செத்துப்போனது. ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மூன்று. திட்டத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: எதைத் தொடுவதானாலும் முதலில் கண், அடுத்து இடது கை, கடைசியில்தான் வலது கை.

எட்டாம் வாரம் மகளையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவள் பதினேழு வாங்கிய அப்பாவைப் பார்க்க வந்திருந்தாள். கைப்பை அவள் மடியில் இருந்தது. மேடம் என் கண்ணைக் கட்டினார். உள்ளங்கையில் ஏதோ வைத்தார் என்பதே அவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

“இது என்ன சார்?”

குத்துமதிப்பாக எதையாவது சொல்லலாம். இருபதில் ஒன்று சாவிதானே, சாவி சாவி என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஒரு தடவையாவது சரியாக வரும். அந்த நேரம் பார்த்து, பழைய மாணவி ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். வாய்ப்பாடு கேட்டேன், “தெரியல சார்” என்றாள். தெரியல என்று சொல்ல வெட்கமாக இல்லையா என்று கத்தி, மணி அடிக்கும்வரை நிற்க வைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது என்று இப்போது அவளிடம் ஒப்புக்கொள்ளலாம்.

“தெரியல,” என்றேன்.

பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. அடுத்தது. “தெரியல.” அடுத்தது உருண்டையாக, கொஞ்சம் கனமாக, மிகத் தூரத்திலிருந்து வருகிற மாதிரி. “கோலிக்குண்டா?” “ஆமா சார்.” கடைசியில் நாலு சரி, பதினாறு தெரியல.

மகள் எழுந்தே விட்டாள். “பதினேழுன்னு சொன்னீங்களேப்பா!”

“பிட் அடிச்சேன்மா.”

“நீங்களா? பரீட்சையில ரப்பர் கடன் வாங்கினதுக்கு என்னையே எழுப்பி வெளிய அனுப்பினவரு நீங்க!”

மேடம் இதற்குள் தாளை இழுத்து வைத்து, என்னைக் கேட்டுப் பேனா வாங்கி, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ‘தனியாக வாழலாம்.’ மகளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“என்ன மேடம் இது? பதினேழுக்குப் போடாத கையெழுத்த நாலுக்குப் போடுறீங்க?”

“பதினேழு வாங்கினவருக்குக் கை வெந்ததுகூடத் தெரியலம்மா. கொசுன்னாரு. இவருக்குத் தெரியலங்கறது தெரியுது. இவரு பாத்துட்டு, இடது கையால தொட்டுட்டு, அப்புறம்தான் பாத்திரத்தத் தூக்குவாரு. இவர அடுப்புகிட்ட விடலாம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இரும்புப் பிடியெல்லாம் மாத்திடுங்க சார். வெள்ளிக்கிழமை வந்துடணும்.”

வீட்டு வாசல்வரை மகளும் வந்தாள். கேட்டைத் திறந்ததும் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து, பழக்கதோஷத்தில் என் வலது கையில் வைத்தாள். நானும் பழக்கதோஷத்தில் விரல்களை மூடிக்கொண்டு படியேறினேன்.

‘கிணிங்.’

கையைப் பார்த்தேன். காலி.

“இருங்கப்பா, நான் எடு...” என்று குனிந்தவள் பாதியில் நின்றாள். நிமிர்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் வந்தது இரண்டாவது படி, இடது ஓரம். பார்த்தேன், அங்கேதான் கிடந்தது. இடது கையால் எடுத்துக் கதவைத் திறந்தேன்.