காதருகே குலுக்கிய பார்சல்

மலைப் பள்ளியில் வேலைக்குச் சேரப்போன மகள் அசல் சான்றிதழ்களை வீட்டிலேயே மறந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் வேலை போய்விடும். கூரியர்க்காரரோ, "மலைமேல நாங்க போறதில்லைங்க, போஸ்ட்ல போடுங்க" என்று கைவிரித்துவிட்டார். தபால் ஆபீஸை இழுத்துப் பூட்டினால் யார் அழப்போகிறார்கள் என்று போன வாரம்தான் டீக்கடையில் முழங்கிய நான், ஒட்டிய கவரை, எல்லாம் உள்ளே இருக்கிறதா என்ற சந்தேகத்தில் கிழித்து மறுபடி ஒட்டிக்கொண்டு, அதே ஆபீஸ் கவுன்ட்டரில் நின்றேன்.

உள்ளே அரக்கு உருகும் வாசனை. என் சின்ன வயதில், எங்களூர்ப் பீங்கான் சூளைகளுக்கு நடுவே இருந்து, பிறகு இடிக்கப்பட்ட சின்னத் தபால் ஆபீஸிலும் இதே வாசனைதான். வைக்கோலில் பொதிந்த கோப்பைகளோடு அம்மா வரிசையில் நிற்க, போஸ்ட்மாஸ்டர் ஒவ்வொரு பார்சலையும் காதருகே வைத்து மெல்லக் குலுக்க, உடைந்த சத்தம் கேட்டுவிடுமோ என்று வரிசையே மூச்சடக்கி நிற்க, சத்தம் வராத பிறகுதான் அரக்கு முத்திரை விழும்.

கவரைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வியாழன் மாலை மகள் போன் செய்தாள்.

"வந்துடுச்சுப்பா. மழையில சட்டைக்குள்ள வச்சு எடுத்தாந்தாரு போஸ்ட்மேன். கவர் மேல எதுக்குப்பா 'உடையும் பொருள்'னு எழுதுனீங்க? உள்ள என்னன்னு கேக்குறாரு."

பீங்கான் பார்சல்களில் அதையே எழுதிப் பழகிய எங்களூர்க் கை, பதற்றத்தில் தானாக எழுதியிருக்கிறது.

"ஒண்ணும் ஒடையலன்னு சொல்லு. அவருக்குச் சூடா ஒரு டீ போட்டுக் குடும்மா," என்றேன்.