ஜன்னலைப் படம் பிடிக்கப் போனேன்

ஜன்னலைப் படம் எடுப்பது சுலபம். அதிலிருக்கும் கண்ணாடியைப் படம் எடுப்பதுதான் கஷ்டம். கேமராவை வைத்துக் காலம் தள்ளும் சக பாவிகளே, நான் பட்ட பாடு உங்களுக்காவது புரியும்.

கேமராவைக் கையில் எடுக்கும் முன் ஒரகடத்தில் கார் கண்ணாடி செய்யும் கம்பெனியில் இருந்தேன். லைனில் வரும் கண்ணாடியில் கீறலோ குமிழியோ இருந்தால் ஒதுக்குவது என் வேலை. போட்டோ ஆசையில் அதை விட்டுவிட்டு, மண்ணூரில் ஜன்னல் செய்யும் சின்னக் கம்பெனியில் கேட்டலாக் படம் எடுக்கச் சேர்ந்தேன். கணவர் கொஞ்ச நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. படங்கள் தேறினால்தான் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் பாஸ்கர் சார் முதலிலேயே சொல்லிவிட்டார்.

கண்ணாடி எங்கே?

ஷோரூமில் ஒரு பெரிய ஜன்னலைத் துடை துடையென்று துடைத்து, ஒரு நிழல்கூட விழாமல் எடுத்தேன். பாஸ்கர் சார் பார்த்துவிட்டு, "வெறும் சட்டம்தாம்மா கீது. கண்ணாடி எங்க?" என்றார். சரியென்று, கண்ணாடி பளபளக்கும்படி மறுபடி எடுத்தேன். எதிரே நின்ற லாரி, டீக்கடை, நடுவில் கேமராவோடு நான் என்று எல்லோரும் அதில் விழுந்திருந்தோம். அதற்கும் தலையை ஆட்டினார். கண்ணாடி தெரிய வேண்டுமா, கூடாதா என்று கேட்டே விட்டேன்.

"தெரியணும்மா. ஆனா கண்ணுல படக் கூடாது."

பழைய நீலம்

பென்னலூர்ப் பக்கம் ஒரு சர்ச்சுக்கு எங்கள் ஆட்கள் புது ஜன்னல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் படம் எடுக்க என்னை அனுப்பினார்கள். உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன். ஒரு நீலக் கண்ணாடி வழியே வந்த வெயில், தரையில் தண்ணீர் மாதிரி அலையலையாக விழுந்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், கண்ணாடி முழுக்கக் குமிழி. லைனில் வந்திருந்தால் யோசிக்காமல் ஒதுக்கியிருப்பேன். அப்படியென்றால் இத்தனை நாள் எதைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்? ஒன்றும் புரியாமல் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

படங்களைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நான் எடுத்ததெல்லாம் கழற்றி எறிய வேண்டிய பழைய ஜன்னல். அந்தப் படங்களைப் பார்த்த சர்ச் கமிட்டிக்காரர்கள், "இவ்ளோ அழகாவா இருந்துச்சு? அப்ப இது இருக்கட்டும்" என்று மீதி ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். பாஸ்கர் சார் கத்துவார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஜெனி, நீ இன்னா எங்க ஆளா, சர்ச் ஆளா?"

பேப்பர் ஒட்டிய அறை

அடுத்த படமும் சொதப்பினால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரகடத்தில் நாங்கள் முன்பு ஜன்னல் போட்டுக் கொடுத்த ஆண்கள் விடுதிக்குப் போனேன். மாடி அறையில் இசக்கி இருந்தார். தூத்துக்குடிக்காரர், எப்போதும் நைட் ஷிப்ட். அவர் குடிவரும் முன்பே யாரோ கண்ணாடி முழுக்க நியூஸ் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். உரிக்கலாமா என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. "பகல்ல இதுதாம்க்கா எனக்கு ராத்திரி. இதையும் எடுத்துட்டா எப்படி உறங்க?"

படத்துக்காக ஒருவர் தூக்கத்தைக் கெடுப்பதா, படம் இல்லாமல் போய் நிற்பதா? கேமராவைப் பையில் வைத்துவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, எழுந்து தண்ணீர் தெளித்து, பேப்பரை ஒரு ஓரத்திலிருந்து உரித்தார். "எடுத்துக்கோங்க. பொறவு ஒட்டிக்கிடுதேன்."

உரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெளியே ஏரி வெயிலில் மினுங்கியது. கண்ணாடியில் அவர் முகம் லேசாகத் தெரிய, அதற்குள் தண்ணீர். சட்டென்று எடுத்துவிட்டேன்.

"எக்கா, இந்த ஏரி நான் வந்ததுலேருந்து இங்கதான் கெடக்கா?"

எந்த மாடல்?

படத்தில் பசைக் கறை, பேப்பர் துண்டு, லுங்கி கட்டிய ஆள். வேலை போயிற்று என்று நினைத்துத்தான் கொடுத்தேன். பாஸ்கர் சார் அதை வெகுநேரம் பார்த்தார். இசக்கியிடம் சம்மதம் வாங்கி, கேட்டலாக் அட்டையிலேயே போட்டுவிட்டார். வேலையும் நிரந்தரமாயிற்று. காரணம் கேட்க எனக்குப் பயம். அவருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

பிறகு ஸ்ரீபெரும்புதூரில் வீடு கட்டும் ஒரு அம்மா ஷோரூமுக்கு வந்தார். ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர்தான் வரும் என்று அவரே சொன்னார். எல்லா ஜன்னலையும் காட்டினோம். எதுவும் பிடிக்காமல் அட்டைப் படத்தில் விரலை வைத்தார்.

"சின்னதா இருந்தாலும் பரவால்லம்மா, எனக்கு இந்த ஏரி தெரியற மாடல்தான் வேணும்."

எனக்கு விளங்கிய மட்டும், யாரும் ஜன்னலை ஜன்னலுக்காக வாங்குவதில்லை. வேறு எதற்காக வாங்குகிறார்கள் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.