கிரீஸ் தடவிய கம்பி

ஜெகதாப்பட்டினம் சுப்பையா பட்டறையிலிருந்து போன் வந்தபோது நான் கந்தர்வக்கோட்டையில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பையைத் தூக்கியவன் நான். ஓசூர், கோவை, மஸ்கட் என்று சுற்றிவிட்டு, இப்போது ஊர் ஊராகப் போய் ஆட்டோமேட்டிக் வெல்டிங் மெஷின் சர்வீஸ் பார்க்கிறேன். படுக்க இடமும் ஒரு டீயும் கிடைத்தால் எந்த ஊரும் சரிதான். பஸ் ஏறிவிட்டேன்.

சுப்பையாவின் மெஷின், தண்டவாளம் மாதிரியான பட்டைமேல் தானாக நகர்ந்து வெல்ட் அடிப்பது. சுருளில் உள்ள கம்பியை ரோலர்கள் பிடித்துத் தள்ளும். கம்பி லைனர் என்ற மெல்லிய குழாய்க்குள் நுழைந்து டிப் என்ற முனைக்கு வந்து, அங்கே உருகி வெல்டாகும். அன்று வரவில்லை. ரோலரைத் தாண்டியதும் சிக்குப் பிடித்த நூல்போலச் சுருண்டு கிடந்தது.

பக்கத்தில் விசைப்படகுக்காரர் ஆரோக்கியம் நின்றார். கடலுக்குள் வலையின் வாயை விரித்துப் பிடிக்கும் இரும்புப் பலகைகள் அவருடையவை. பாதி வெல்டில் கிடந்தன. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மறுநாள் காலையில் எல்லாப் படகும் கிளம்புகிறது. இத்தனை நாள் கரையில் சும்மா இருந்த மனுஷன்.

"ஐஸ் ஏத்தியாச்சு, ஆளுகளும் ரெடி. பலகை இல்லாம போனா வலைய வேடிக்கைதான் பாக்கணும்" என்றார்.

டிப் தேய்ந்திருந்தது, மாற்றினேன். ரோலரின் பள்ளம் கம்பிக்குச் சரியான அளவுதான். அழுத்தம் அதிகமாக வைத்திருந்தார்கள், தளர்த்தினேன். லைனரைக் கழற்றி ஏர் அடித்தால் கறுப்பாகப் பிசின் மாதிரி வந்தது. புது லைனர் போட்டேன். கம்பி ஒழுங்காக ஓடியது. நிம்மதியாக டீக்குப் போனேன்.

திரும்பி வந்தால் மறுபடி சிக்கு. ஓடின கொஞ்ச தூரத்திலும் வெல்டில் பொடிப்பொடியாக ஓட்டை. சுருளைத் தொட்டுப் பார்த்தேன், விரல் வழுக்கியது. கிரீஸ்.

யார் கை வைத்தது என்று கேட்டேன். சுப்பையா ஆரோக்கியத்தைப் பார்த்தார். அவர் கையில் துணி இருந்தது.

"லேசாத் துருப் பூத்திருந்துச்சு. சும்மா நிக்கிறமேன்னு தடவி விட்டேன். வலை இழுக்குற வின்ச் கம்பி ரோப்புக்கு கிரீஸ் போடலன்னா உப்புக்காத்து தின்னுப்புடும்ல?"

"அது இழுக்கிற கம்பிண்ணே. இது உருகுற கம்பி."

சுப்பையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவுகள மட்டும் சொல்லாதீங்க. பலகை செய்ய வாரவுக எல்லாரும் ஆளுக்கு ஒரு கை தடவிட்டுத்தான் போறாக. நானும் நல்லதுன்னு விட்டுட்டேன்."

கிரீஸ் பட்டால் ரோலர் வழுக்கும், தூசி ஒட்டி லைனர் அடைக்கும், வெல்டில் ஓட்டை விழும். சுருளைத் தூக்கி எறிந்தேன். ரோலரைத் துடைத்து, இன்னொரு லைனர் மாட்டி, புதுச் சுருள் போட்டேன். ஓட்டை விழுந்த இடத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தோம். பொழுது சாயப் பலகைகள் படகுக்குப் போய்விட்டன.

ஆனால் ஆரோக்கியம் சொன்ன துரு பொய்யில்லை. அங்கே பிரித்த சுருள் சீக்கிரமே துருப் பிடிக்கும். படகில் கிடந்த பழைய ஐஸ் பெட்டியை அவரே கொண்டுவந்தார். உள்ளே குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, வேலையில்லாத நேரம் சுருளை அதில் வைக்கச் சொன்னேன். மீன் வாடை அடிக்கும். கம்பி காய்ந்து கிடக்கும்.

அன்று முதல், மெஷினைத் திறப்பதற்கு முன்னால் அதை யார் யார் எப்படிக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று கேட்டுவிடுவேன். பகைத்துக்கொண்டு மெஷினைக் கெடுப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அக்கறையில் கெடுப்பவர்கள்தான் அதிகம்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். வேறொரு படகுக்காரர் துணியோடு மெஷின் பக்கம் நகர, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியம் காலை நீட்டி மறித்தார்.

"அங்கிட்டுத் தள்ளி நில்லு மாப்ள. இது உருகுற கம்பி."