கடைசிப் பாட்டு முதலில்

இது நடந்து இரண்டு வருடமாகிறது. இடம், யாழ்ப்பாணம் ரவுணுக்குள், கடைகளுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் இருக்கிற மாடி அறை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அங்கே பாட்டு நிகழ்ச்சி நடக்கும். மண்டபம் என்று சொல்ல முடியாது. நாற்பது பேர் நெருக்கி இருந்தால், பிறகு வருகிற ஆள் சுவரோடு ஒட்டித்தான் நிற்க வேண்டும்.

முன்பு அது தனியார் வகுப்பு நடக்கிற ஒரு ரியூட்டரி. உயர்தரத்துக்குக் கணக்கியல் படிக்க நானும் அங்கே போயிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் எழுதிய முதல் ஆள் நான்தான். எதை எழுதினாலும் இந்த வரியை எங்கேயாவது செருகிவிடுவேன், குறை நினைக்க வேண்டாம். ரியூட்டரி மூடிய பிறகு, கிற்றார் பழக்கும் ஒரு அண்ணை அந்த இடத்தை எடுத்தார். பிள்ளைகள் இருந்து படித்த பழைய வாங்குகளை அப்படியே விட்டுவிட்டு, கரும்பலகைக்கு முன்னால் ஒரு பாயை விரித்தார். அதுதான் மேடை.

முதல் தடவை என்னைக் கூட்டிப்போனது எங்கள் அலுவலகத் தோழி. அவள் கலியாணம் முடித்துக் கொழும்புக்குப் போன பிறகும் நான் தனியாகப் போனேன். பாட்டை அதுவரை போனிலும் கோயில் ஒலிபெருக்கியிலும்தான் கேட்டிருக்கிறேன். இங்கே பாடுகிறவர் மூச்சை இழுப்பதே கேட்கும். மெதுவான பாட்டு வந்தால், கிறீச்சிடுகிறது என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். எல்லாரும் வியர்த்து வழிந்துகொண்டு அசையாமல் இருப்போம். பாட்டு என்பது ஒரு ஆளின் தொண்டையிலிருந்து வருகிற விசயம் என்று எனக்கு அங்கேதான் உறைத்தது.

ஒரேயொரு வில்லங்கம், கதவு. அது கரும்பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. படிப்பிக்கிற சேரின் கண்ணில் படாமல் ஒரு பிள்ளையும் வகுப்பைவிட்டு நழுவக் கூடாது என்று அப்படி வைத்தார்களாம். காற்றுக்கு அடிக்கும் என்று எப்போதும் தாழ்ப்பாள் போட்டிருக்கும். அந்த இரும்புத் தாழ்ப்பாளை இழுத்தால் ஆடு கத்துவது மாதிரி ஒரு சத்தம் வரும்.

எங்கள் வீடு தூரத்தில், மயிலிட்டிக் கரையில். அப்பா கடலுக்குப் போகிறவர். நிகழ்ச்சிக்குப் போக அவர் ஓம் என்று சம்மதித்ததே ஒரு நிபந்தனையோடுதான். கடைசி பஸ்ஸில் வந்து இறங்கிவிட வேண்டும், அவர் சைக்கிளோடு சந்தியில் நிற்பார். நிகழ்ச்சியோ ஒரு நாளும் சொன்ன நேரத்துக்குத் தொடங்காது. அதனால் ஒவ்வொரு மாதமும் முடிவுக்குச் சற்று முன்னால் நான் எழும்ப வேண்டியிருந்தது. பின்வரிசை வாங்கில் ஒருமுறை இருந்து பார்த்தேன், அத்தனை பேரின் முழங்காலையும் தாண்டி வர வேண்டும். முன்வாங்கில் கதவோரமாக இருந்தால் பாடுகிறவரின் மூக்குக்கு முன்னால் எழும்ப வேண்டும். கடைசியில் முன்வாங்கையே பிடித்துக்கொண்டேன்.

அப்பா சைக்கிளைத் திருப்பிக்கொண்டே கேட்பார்.

"அரைப் படம் பாத்த ஆள் வருது. இண்டைக்காவது முடிவு தெரியுமோ?"

"இல்லையப்பா."

"அப்ப என்னத்துக்குப் போறாய்?"

"முதல் அரைவாசிக்கு."

அங்கே வழக்கமாகப் பாடுகிறவர் ஒரு அக்கா. முப்பது வயதிருக்கும். எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளைப் பாடிவிட்டு, கடைசியாகத் தானே எழுதி மெட்டமைத்த பாட்டு ஒன்றைப் பாடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்கு மைக் இல்லை, கிற்றாரும் இல்லை. மைக்கை ஓரமாக வைப்பார், அண்ணை மின்விசிறியை நிறுத்துவார். சரியாக அப்போதுதான் எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகும். வாங்கு முனகும், தாழ்ப்பாள் கத்தும், என் செருப்பு படியில் தடதடக்கும். எவ்வளவு மெதுவாக எழும்பினாலும் அந்த அமைதிக்குள் ஒளிக்க முடியாது.

"என்ன தங்கச்சி, ஒவ்வொருமுறையும் அவசரமோ?" என்று அண்ணை ஒருநாள் பிளேன்ரீ கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"ஓம் அண்ணை, ஒரு அலுவல்" என்றேன்.

பஸ்ஸுக்குப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கீழே வரிசையாக நிற்கிற ஸ்கூட்டிகள் எல்லாம் அந்த அறையில் இருப்பவர்களுடையவை. பஸ் என்றால் எந்த ஊர் என்பார்கள், ஊரைச் சொன்னால் அப்பா என்ன செய்கிறார் என்பார்கள், பிறகு "ஐயோ பாவம், அவ்வளவு தூரத்திலிருந்தோ" என்பார்கள். அந்தப் பாவத்தைக் கேட்காமல் இருக்கத்தானே நான் படித்தேன்.

ஒரு மாரிகாலச் சனிக்கிழமை. வழக்கம்போல அக்கா மைக்கை ஓரமாக வைத்தார். வழக்கம்போல நான் எழும்பினேன். தாழ்ப்பாளை இழுத்தேன், வரவில்லை. மழை ஈரத்துக்குக் கதவு ஊதி இறுகியிருந்தது. ஆடு மட்டும் கத்தியது. இன்னொருமுறை இழுத்தேன். பாட்டின் முதல் சொல்லோடு அக்கா நிறுத்திவிட்டார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கட்டே?" என்றார். முகம் சிரித்தது, குரல் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு மாசமும் என்ரை பாட்டுக்கு எண்டே பாத்து எழும்பிப் போறீங்கள். மற்றப் பாட்டெல்லாத்துக்கும் முன்வாங்கிலை இருந்து தாளம் போடுறீங்கள். இதிலை என்ன பிழை? சொல்லிப்போட்டுப் போங்கோ, திருத்திறன்."

அறை முழுவதும் என்னைப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. இத்தனை மாதமும் என்னைப் பார்த்து ஆரும் பாவம் என்று சொல்லிவிடக் கூடாது என்று நான் ஒளித்துக்கொண்டிருந்தேன். என் முதுகைப் பார்த்து ஒரு ஆள் புண்பட்டுக்கொண்டிருக்கக் கூடும் என்று நினைத்ததே இல்லை.

"பாட்டை நான் கேக்கவே இல்லை அக்கா" என்றேன். "கடைசி பஸ். மயிலிட்டிக்கு. அப்பா சந்தியிலை பாத்துக்கொண்டு நிப்பார்."

அக்கா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வாங்கில் இருந்துவிட்டார்.

"கடவுளே! இந்தப் பாட்டை இனி விட்டிடுவம் எண்டு போன மாசம் அண்ணையிட்டைச் சொன்னனான்."

"சொன்னவதான்" என்றார் அண்ணை. "நான் என்ன செய்ய? அலுவல் எண்டுதானே இந்தப் பிள்ளை சொன்னது."

"இப்ப கதை வேண்டாம், பிள்ளையின்ரை பஸ் போகப்போகுது!" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல். பாட்டுகளுக்கு மேளம் அடிக்கிறவர் ஓடிவந்து தோளால் ஒரு இடி இடித்தார். கதவு திறந்தது. "ஓடு பிள்ளை, ஓடு!" என்று அறையே கத்தியது. நான் மழைக்குள் ஓடினேன். பஸ் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது, தொங்கி ஏறிவிட்டேன். மருதனார்மடத்தில் இருக்க இடம் கிடைத்த பிறகுதான் தலையைத் துடைத்தேன்.

நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "அந்தப் பிள்ளையின்ரை பாட்டு என்னமாதிரி?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். சொன்ன பிறகு எனக்கே அது என்னவோ போலிருந்தது.

அடுத்த மாதம் போவதா விடுவதா என்று எனக்குள் பெரிய இழுபறி. எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பஸ்ஸைப் பற்றிக் கேட்பார்கள், யாராவது ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடவா என்பார்கள். ஆனால் வீட்டில் இருந்துவிட்டால், பாட்டுப் பிடிக்காமல்தான் போனாள் என்று ஆகிவிடும். போனேன். கதவோரத்தில் என் இடம் காலியாக இருந்தது. அதில் போய் இருக்கும்போது தாழ்ப்பாளைப் பார்த்தேன், எண்ணெய் பூசி மினுங்கியது.

ஆரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா வந்தார். மைக்கை எடுத்து ஓரமாக வைத்தார். அண்ணை எழும்பிப்போய் மின்விசிறியை நிறுத்தினார்.

"இண்டைக்குக் கடைசிப் பாட்டு முதல்" என்றார் அக்கா. அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை. நாற்பது பேரில் ஒரு தலைகூட என் பக்கம் திரும்பவில்லை.

பாட்டு எழும்பவில்லை. பாடிச் சூடேறாத குரல், முதல் வரியிலேயே உடைந்துவிட்டது. அக்கா தண்ணீர் குடித்தார், திரும்பத் தொடங்கினார், இரண்டாம் தரமும் கரகரத்தது. பக்கத்தில் இருந்த கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரு நிகழ்ச்சி முழுக்கப் பாடி, குரல் வழிக்கு வந்த பிறகு, பயம் தெளிந்த பிறகு பாடுவதற்கென்று வைத்திருந்த பாட்டு அது. அதைத்தான் எனக்காக வெறும் தொண்டையோடு முன்னால் கொண்டுவந்திருந்தார். மூன்றாம் தரம் பிடிபட்டது.

பெரிய பாட்டு ஒன்று என்று எண்ணியிருந்தேன். சின்னப் பாட்டு. ஒருத்தி கொடியில் உடுப்புக் காயப் போட்டிருக்கிறாள். வானம் இருள்கிறது. கையில் அலுவல், மனம் கொடியில். அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது, உடுப்புக்காகவா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு நான் எழும்பியபோது எல்லாரும் கைதட்டிப் பாடுகிற துள்ளல் பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் சத்தமில்லாமல் வழுக்கியது. அக்கா பாட்டை விடாமலே எனக்குக் கையைக் காட்டினார்.

சைக்கிள் கரியரில் இருந்து அந்தப் பாட்டில் நினைவிருந்ததை அப்பாவுக்குப் பாடிக் காட்டினேன்.

"மழை வந்ததோ?"

"தெரியாதப்பா. பாட்டு அதோடை முடியுது."

"உடுப்பு நனைஞ்சுதோ இல்லையோ?"

"அதுவும் சொல்லேல்லை."

"அப்ப இதுவும் அரைப் படம்தான்" என்று சொல்லிவிட்டு, வீடு வரும் வரைக்கும் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே மிதித்தார்.

இப்போது என்னிடமும் ஸ்கூட்டி இருக்கிறது. என் சம்பளத்தில் வாங்கியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நிகழ்ச்சி முடியும்வரை இருக்கிறேன். அங்கே இன்னும் கடைசிப் பாட்டுத்தான் முதலில் வருகிறது, புதிதாக வருகிறவர்களுக்கு ஏன் என்று தெரியாது. நான் கதவோர இடத்தை விடவில்லை. பாட்டின் நடுவில் யாராவது தயங்கித் தயங்கி எழும்பினால், அவர்கள் வந்து சேர முதலே தாழ்ப்பாளை நான் இழுத்து விடுவேன். எங்கே போகிறார்கள் என்று கேட்பதில்லை. அவர்களுக்கும் எங்கோ ஒரு சந்தியில் ஒரு ஆள் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.