ஆடி மாதத்து எறும்புகள்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. இதை எழுதத் தொடங்கியதிலிருந்தே இரண்டு முறை எழுந்துபோய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். பட்டுக்கடை வேலைக்கு இந்தக் குணம் ஒத்துவந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டு புடவை விரிக்க வேண்டும். மடிப்பை ஒரு கையால் பிடித்து மறு கையால் வீசினால், முந்தி போய்க் கல்யாணப் பெண்ணின் மடியில் விழ வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில் என்னைப்போல வீசுகிறவன் கிடையாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு.

அந்தக் கைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. காலையில் எழுந்தால் நடுங்கும். ஒரு கட்டிங் சரக்கு உள்ளே போனால் நிற்கும். அதனால் முந்தின நாளே வாங்கி பைக் பெட்டியில் ஒளித்துவைப்பேன். குடித்துவிட்டு ஏலக்காயை மென்றுகொண்டு கடைக்குப் போவேன். சந்தோஷத்துக்குக் குடித்த காலமெல்லாம் எப்போதோ போய்விட்டது. புடவை விரிக்கத்தான் குடித்தேன். "பாயசமே வெக்காத வீட்ல இவ்ளோ ஏலக்காய் எதுக்குங்க?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். பதில் தெரிந்தேதான் கேட்டாள்.

அம்மாவிடம் ஒரே பதில் இருந்தது. "ஆடி வரட்டும். காப்புக் கட்டிடலாம். ஆத்தா பாத்துக்குவா."

எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடியில் கூழ் வார்ப்போம். அதற்காகக் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவர்கள் கறியையும் சரக்கையும் தொடமாட்டார்கள். தெருவில் பாதிப் பேர் வருடத்துக்கு ஒருமுறை உத்தமர்கள் ஆவது இப்படித்தான். எனக்கும் கட்டினார்கள். அன்றோடு சுத்தமாக நிறுத்திவிட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. வியர்த்துக் கொட்டியது. உட்கார்ந்தால் எழச் சொன்னது, எழுந்தால் நடக்கச் சொன்னது. அப்படியே நடந்து கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பம்பையும் உடுக்கையும் முழங்கிக்கொண்டிருந்தன. கூட்டத்துக்கு நடுவில் முதலில் கை ஆடியது, பிறகு தோள், பிறகு பல் கிட்டிப்போய் முழு உடம்பும். "ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்தது. கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். "சொல்லு தாயே, இன்னா கொறை வெச்சோம்?" என்று கேட்டுக் காலில் விழுந்தார்கள்.

என் கண்ணுக்குத் தெரிந்தது எறும்புகள்தான். செவ்வெறும்பு. வேப்பிலையில், என் கையில், குனிந்தவர்களின் தலையில், எங்கு பார்த்தாலும் ஊர்ந்தன. "எறும்பு! எறும்பு!" என்று அலறினேன். பூசாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, "எறும்புக்குத் தீனி போடச் சொல்றாப்பா ஆத்தா" என்று விளக்கம் சொன்னார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு நான் விழுந்துவிட்டேனாம். கை கால் வெட்டி இழுத்ததாம். ஆத்தா மலையேறுகிறாள் என்று கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் மனைவிதான், "ஆத்தா வந்தா வாயில நொரை தள்ளுமா? கண்ணு இல்லையா உங்களுக்கு?" என்று அத்தனை பேரையும் திட்டிவிட்டு, என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கிருந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. அதட்டவில்லை, உபதேசமும் செய்யவில்லை. "தினம் குடிச்ச உடம்பு. திடீர்னு நிறுத்தினா நடுங்கும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும். உயிரே போயிருக்கும். எங்ககிட்ட வந்து மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் நிறுத்தணும்" என்றார். ஊசி போட்டார்கள். நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்து, நாளாக நாளாக அதைக் குறைத்தார்கள். எறும்புகளும் குறைந்தன. வீட்டுக்கு அனுப்பும்போது, குடிக்கிற ஆசையைத் தணிக்க வேறொரு மாத்திரை எழுதிக்கொடுத்து, தினமும் விடாமல் போடச் சொன்னார். "இது மந்திரம் இல்ல. புடிச்ச புடியை கொஞ்சம் தளர்த்தும். மீதி நீங்கதான் பாத்துக்கணும். மாசாமாசம் வாங்க, பேசலாம்."

தெருவுக்குத் திரும்பினால் நான் சாமி. என்னைக் கண்டால் ஒதுங்கிப் போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசினார்கள். எலுமிச்சம்பழம் வந்தது. அம்மா தினமும் வாசலில் எறும்புக்கு அரிசிமாவு தூவினாள். தூவும்போது அவள் முகத்தில் இருந்த பூரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. குடிகாரனைப் பெற்றவள் என்று தலைகுனிந்து நடந்தவள். பொய் சொல்வானேன், அந்த மரியாதை எனக்கும் பிடித்திருந்தது.

கூழ் வார்க்கிற நாள் காலையில் மாத்திரையைக் கையில் எடுத்தேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னிக்கு ஒரு நாளு போடாத நைனா. ஆத்தா எறங்குற ஒடம்புல மாத்திரை இருந்தா அவ எப்படி வருவா? தெருவே ஒன்னத்தான் பாத்துக்கினு இருக்குது."

மனைவி கூழ் காய்ச்சும் இடத்துக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். நான் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கோயிலில் எனக்கு நிலைகொள்ளவில்லை. பைக் பெட்டியில் பாட்டில் மிச்சம் இருக்குமோ என்று மனம் அங்கே போய்ப் போய் வந்தது. இன்று ஒரு நாள்தானே மாத்திரை போடவில்லை, அப்படியே இன்று ஒரு நாள் ஒரு வாய் குடித்தால் என்ன என்றது. பம்பை தொடங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உடம்பு ஆடவில்லை. ஆட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எனக்குக் கையை ஆட்டத் தெரியாதா?

அப்போது பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

"சாமி, உங்களப் பாத்துட்டு எங்க ஊட்டுக்காரருக்கும் முந்தாநேத்து காப்புக் கட்டுனேன். குடிக்கிறத அன்னிக்கே உட்டுட்டாரு. இன்னிக்கு காலையிலருந்து உங்களுக்கு வந்த மாதிரியே அவருக்கும் ஆத்தா வந்துட்டா! ஒடம்பு அப்படி ஆடுது. வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

இவள் என்னைப் பார்த்துத்தான் கயிறு கட்டியிருக்கிறாள்.

"அது ஆத்தா இல்லம்மா" என்றேன். பம்பைச் சத்தத்தில் கேட்கவில்லை. கத்தினேன். "எனக்கும் ஆத்தா வரல! தினம் குடிச்சவன் சட்டுனு நிறுத்துனா ஒடம்பு இப்படித்தான் ஆடும். அவரு செத்துப்புடுவாரும்மா. ஆட்டோ கூப்புடுங்கப்பா!"

பம்பை நின்றது. பூசாரி என்னை முறைத்தார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டிலிருந்து அவள் கணவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியபோது, கையில் வேப்பிலையோடு அம்மாவும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சாமி வந்தவரை இப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது தெய்வக் குத்தம் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

அவர் பிழைத்துக்கொண்டார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்தப் படபடப்பை இன்றும் என்னால் தாங்க முடியாது. ஆனால் அப்போது எனக்கு அது தெரியாது. அவர் என் மேல் சாய்ந்து உதறிக்கொண்டிருந்தார். சட்டென்று தொடையைத் தட்டத் தொடங்கினார். பிறகு அம்மாவின் கையிலிருந்த வேப்பிலையைப் பார்த்து மிரண்டார்.

"எறும்பு! எம்மா எறும்பு பாரு! தட்டி உடுங்களேன்!"

"எனக்கும் தெரிஞ்சுதுபா. ஊசி போட்டா போயிடும்" என்று சொல்லி, இல்லாத எறும்புகளை அவர் சட்டையிலிருந்து தட்டிவிட்டேன்.

அம்மா முணுமுணுப்பதை நிறுத்தினாள். கையிலிருந்த வேப்பிலையையே பார்த்தாள். பிறகு அவரை, பிறகு என்னை. வேப்பிலையை வெளியே போட்டுவிட்டு, தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள்.

"காத்தால போடாத உட்டியே, அந்த மாத்திரை எங்க? போடு நைனா" என்றாள்.