சுவரிலிருந்து எடுத்த கல்யாணப் படம்

அந்த ஒரு வருஷத்தில் நான் பதினொரு கொலைகளை எழுதினேன், கல்யாணம் செய்துகொண்டேன், என் மனைவியின் நெற்றியைக் கிழித்தேன். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது நன்றாக இல்லைதான். ஆனால் செய்த ஆள் ஒருவன். தனித்தனியாகப் பிரித்து எழுதினால் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம்.

கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். தை மாதத்தில் ஒருநாள் ஒரு பிழைக்காக முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார். கையிலிருந்த புரூஃப் கட்டை அவர் முகத்தில் விட்டெறிந்துவிட்டு வெளியே வந்தேன். வந்த சூட்டோடு வேறோர் அச்சகத்தில் விசிட்டிங் கார்டு அடித்தேன். பெயருக்குக் கீழே 'சுதந்திர எழுத்தாளர்' என்று போட்டுக்கொண்டேன். இனி எவனுக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்று அப்படியொரு திமிர்.

பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் அப்போது வாரா வாரம் ஒரு புதுப் பத்திரிகை தொங்கும். பளபளவென்று அட்டை. உள்ளே வெட்டு, குத்து, கள்ளக்காதல். எங்கள் பக்கத்தில் எழுத வேறு விஷயம் நிறைய இருந்தது. வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்கள் அனுப்பிய பணத்தில் நிலம் கைமாறியது. ஆற்றில் தண்ணீர் குறையக் குறைய அந்த நிலத்துக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொண்டார்கள். நான் நிலத்தைப் பற்றி எழுதி அனுப்பினேன், அவர்கள் அடிதடியை மட்டும் போட்டார்கள். சென்னையில் ஓர் உதவி ஆசிரியர் எனக்குப் பழக்கமானார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டால் அவர் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்.

"எத்தனை வெட்டு சார்? படம் இருக்கா?"

படம் இல்லையென்றால் செய்தி இல்லை. செத்தவர் உயிரோடு இருந்த படம் வேண்டும். அதில்தான் நான் கெட்டிக்காரன் ஆனேன். பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வீட்டுக்கு வருவதற்குள் நான் அங்கே போய்விடுவேன். வீட்டில் அழுதுகொண்டிருப்பவர்களை விட்டுவிட்டு, அழாமல் நிற்கிற ஆம்பளை ஒருவரைப் பிடிப்பேன். "பேப்பர்ல வந்தாதாங்க கேஸ் நிக்கும்" என்பேன். சுவரிலிருந்து ஃபிரேமைக் கழற்றி, பின்பக்கத்து ஆணிகளைப் பேனாக் கத்தியால் நெம்பி, படத்தை மட்டும் உருவிக்கொண்டு கண்ணாடியையும் சட்டத்தையும் மாட்டின இடத்திலேயே மாட்டிவிடுவேன். "ஒரு வாரத்துல திருப்பிக் குடுத்துடுறேன்" என்று கார்டைக் கொடுப்பேன். ஒன்றையும் திருப்பிக் கொடுத்ததில்லை. சென்னைக்குப் போன படம் சென்னையோடு சரி.

வைகாசியில் எனக்குக் கல்யாணம். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, எங்கள் லுத்தரன் சபையில் முறையாக நடந்தது. அவள் நர்ஸ். திருவிடைமருதூரில் வீடு எடுத்து, கார்டிலும் அந்த விலாசத்தைப் போட்டுக்கொண்டேன். கல்யாணத்துக்கு முதல் நாள்கூட ஒரு தீக்குளிப்புச் செய்தியை எழுதி முடித்துவிட்டுத்தான் மாப்பிள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். அதில் எனக்குப் பெருமைதான். ஐப்பசியில் அவள் உண்டானாள்.

அந்த மார்கழியில் மழை ஏமாற்றிவிட்டது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடையில் சம்பா, கதிர் வெளியே வராமல் பொதி கட்டி நின்றது. அந்த நேரத்தில் ஒரு தண்ணீர் கிடைக்காவிட்டால் கதிர் பதராகிவிடும். ஒரு சின்ன வாய்க்காலில் பங்காளிகள் இரண்டு பேர் முறை வைத்துப் பாய்ச்சினார்கள். மூன்று நாள் மேலே, மூன்று நாள் கீழே. மேலே இருந்தவன் சிங்கப்பூரிலிருந்து வந்து ஆயில் என்ஜின் வாங்கியிருந்தான். கீழே இருந்தவர் குத்தகைக்காரர். அவருடைய முறை நாளில் அவன் என்ஜினைப் போட்டு வாய்க்காலை உறிஞ்சினான். இவர் போய்க் குழாயைப் பிடுங்கி வரப்பில் எறிந்தார். அவன் கையில் மண்வெட்டி இருந்தது. கழுத்தில் ஒன்று, விழுந்த பிறகு தலையில் இரண்டு. பட்டப்பகல். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததாம். கூப்பாடு கேட்டு வந்தவர்கள் முதலில் அதை நிறுத்தியிருக்கிறார்கள்.

நான் போனபோது வாய்க்காலில் கணுக்கால் அளவு தண்ணீர். கலங்கல் சிவப்பாக இருந்தது. நான் அதையும் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

செத்தவரின் மனைவிக்கு ஏழு மாதம். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவளுடைய தம்பி, டிராக்டர் ஓட்டுகிறவன், வாசலில் நின்றான். அவனிடம் என் பல்லவியைப் பாடினேன். அவன் தலையாட்டினான். ஃபிரேமைக் கழற்றும்போதுதான் அவள் பேசினாள்.

"அது ஒண்ணுதாங்க இருக்கு. கூரை எரிஞ்சப்ப எல்லாம் போயிடுச்சு. இது எங்க அம்மா வீட்டுல இருந்ததால தப்பிச்சுது. ஓட்டுக் கார்டுக்குப் படம் எடுத்த அன்னிக்கும் அவரு நடவுக்குப் போயிட்டாரு."

"பத்திரமா வந்துடும்மா" என்றேன்.

கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம். மாலையோடு இரண்டு பேர், கை பிடித்துக்கொண்டு. தெளிவாக இருக்கிறது, அச்சில் நன்றாக வரும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. கவரில் போட்டு அன்று சாயங்கால பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டேன்.

எட்டாம் நாள் பத்திரிகை வந்தது. முதல் தடவையாக என் செய்தி அட்டையில். உள்ளே இரண்டு பக்கம். இடது ஓரத்தில் மை அப்பி அடையாளம் தெரியாமல் செத்தவர், வலது ஓரத்தில் வெட்டியவனின் பாஸ்போர்ட் படம், நடுவே ரத்தம் சொட்டும் பெரிய அரிவாள். நான் மண்வெட்டி என்று எழுதியிருந்தேன். ஓவியருக்கு அரிவாள்தான் வரையத் தெரியும்போல. அதன் நுனி செத்தவரின் கன்னத்தில் ஏறி நின்றது. நான் ஐந்து பிரதி வாங்கினேன்.

பத்தாம் நாள் காலையில் அந்தத் தம்பி என் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்றான். "பதினாறாம் நாள் படத்திறப்பு வச்சிருக்கோம். படத்தைக் குடுத்தீங்கன்னா கும்மோணத்துல பெருசாப் போட்டுக்கிட்டுப் போயிடுவேன்."

"சென்னையிலேருந்து இன்னும் வரலைப்பா."

"ஒரு வாரம்னீங்களே?"

"வந்துடும்."

"பொறக்கப்போற புள்ளைக்கு அப்பன்னு காட்ட வேற ஒண்ணும் இல்லைங்க" என்றான். குரலை உயர்த்தவில்லை. என் சட்டையின் மேல்பொத்தானை இரண்டு விரலால் பிடித்து, "பதினாறாம் நாள் படம் வரலைன்னா நான் திரும்ப வருவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். பொத்தான் அவன் கையோடு போய்விட்டது.

என் மனைவி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட படம் கேட்டப்ப என்ன சொல்லிக் கேட்டீங்க?"

"வேலையைப் பாரு."

"இல்ல, சொல்லுங்க. நெஜமாவே திருப்பிக் குடுக்கணும்னு நெனைச்சுத்தான் வாங்கினீங்களா?"

அவள் கேட்டது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு அப்படி வெறி வந்தது. கையில் கிடைத்த டம்ளரை எறிந்தேன். விளிம்பு பட்டு அவள் நெற்றி பிளந்தது. ரத்தம் புருவத்தில் இறங்கியது. எத்தனையோ ரத்தத்தைப் பார்த்து எழுதினவன், அந்தக் கொஞ்சத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். அவள் தானே பஞ்சை எடுத்து அழுத்திக்கொண்டாள். கண்ணாடியில் காயத்தின் ஆழத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதையும் எழுதுங்க. படம் நம்ம ஆல்பத்துலயே இருக்கு."

ஆறு தையல். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு அவளாகவே நடந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். என்னோடு அதற்கப்புறம் நாலைந்து நாள் பேசவில்லை.

முதலில் அந்தப் படத்தை எடுத்த ஸ்டூடியோவைத் தேடித் திருத்துறைப்பூண்டிக்கு ஓடினேன். அங்கே இப்போது ஜெராக்ஸ் கடை. ஸ்டூடியோக்காரர் குடும்பத்தோடு மலேசியாவுக்குப் போய்விட்டார். "நெகட்டிவ் எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டாங்க" என்றார் கடைக்காரர். உதவி ஆசிரியருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார். "உங்க படத்தை நாங்க என்ன பூஜையா பண்றோம்? தேடிப் பாக்கச் சொல்றேன்." அந்தச் சிரிப்பு காதிலேயே நின்றது. அன்றைக்கே சென்னைக்கு பஸ் ஏறினேன்.

மாடியில் ஒரு நீள அறை. லே-அவுட் ஓவியர் கத்தரியும் பசையுமாக உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "முகத்தை வெட்டி, பக்கம் ஒட்டுற போர்டுல ஒட்டியாச்சே சார். அந்த போர்டெல்லாம் அடுத்த இதழ் வந்ததும் போயிடும்" என்றார். எங்கே போகும் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். அவர் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினேன். "அது ஒண்ணுதான்யா இருந்துச்சு!" என்று கத்தினேன். பசைக் கிண்ணம் விழுந்து உடைந்தது. இரண்டு பேர் வந்து என் கைகளை முறுக்கினார்கள். ஒருவன் முழங்கையால் விலாவில் இடித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டேன். உதவி ஆசிரியர் வந்து நின்று, "படத்தை வாங்கி அனுப்பினது யாரு சார்? நாங்களா அவங்க வீட்டுக்கு வந்தோம்?" என்று கேட்டார்.

ஓவியர் நல்ல மனுஷர். காலரைச் சரிசெய்துகொண்டு, மேஜைக்குக் கீழே வெட்டுமிச்சம் போடும் அட்டைப் பெட்டியை இழுத்துக் கவிழ்த்தார். இருவரும் தரையில் உட்கார்ந்து துழாவினோம். எத்தனையோ பேருடைய மனைவிகள், தோள்கள், குழந்தைகள். கடைசியில் கிடைத்தது. செத்தவரின் மனைவி மட்டும். அவளுடைய மாலையின் ஓரத்தில் கத்தரி வளைந்து போயிருந்தது. அவள் கையைப் பிடித்தபடி அவருடைய நான்கு விரல்கள் மட்டும் படத்தில் மிச்சம்.

பதினாறாம் நாள் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பயத்தைவிட அவமானம் பெரிதாக இருந்தது. அந்தப் பாதிப் படத்தைக் கவரில் வைத்துக்கொண்டு போனேன். பந்தலில் நாற்காலி போட்டு அதன்மேல் ஃபிரேமை வைத்திருந்தார்கள். நான் ஆணி நெம்பின அதே சட்டத்துக்குள் பத்திரிகையிலிருந்து வெட்டின முகம். அரிவாள் நுனியை மறைக்கக் காகிதத்திலேயே கன்னத்தில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். ஈரம் காகிதத்தில் ஊறி, பின்பக்கத்திலிருந்த விளம்பரத்தின் எழுத்துகள் முகத்தின் மேல் தெரிந்தன.

தம்பி என்னைப் பார்த்ததும் வந்தான். ஓங்கி அறைந்தான். கீழே விழுந்தேன். காலால் உதைத்தான். யாரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. "விடுடா" என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து எதிரில் நின்றாள். கவரை நீட்டினேன். பிரித்துப் பார்த்தாள்.

"இது நான்" என்றாள். "நான்தான் இங்க இருக்கேனே."

வாயில் ரத்தம் கரித்தது. மன்னிச்சுடும்மா என்றேனா, அப்படிச் சொல்ல நினைத்தேனா, தெரியவில்லை.

"நீங்க எழுதுறவர்தானே? அந்தப் படத்தைக் கையில வச்சுப் பாத்தீங்கள்ல? அவரு முகம் எப்படி இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. புள்ள கேட்டா படிச்சுக் காட்டுறேன்."

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். கவரின் பின்பக்கத்தை மடியில் வைத்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. மாலை ஞாபகம் இருந்தது, படத்தின் அளவு ஞாபகம் இருந்தது. முகத்தை நான் பார்க்கவே இல்லை. சனம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி, நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்றாள். கண்ணை மூடினாள். "நெத்தி அகலம். மீசை இருக்கும். சிரிச்சா இந்தப் பக்கம்..." கையைத் தன் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா என்று விரல் இரண்டு கன்னத்துக்கும் போய்ப் போய் வந்தது. "மூக்கு..." என்றாள். நிறுத்தினாள்.

கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தில் நான் அதுவரை எந்தச் சாவு வீட்டிலும் பார்க்காத பீதி இருந்தது. குனிந்து என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள். இன்னொரு கையால் என் முகத்திலும் காதிலும் மாறி மாறி அறைந்தாள்.

"பதினாறே நாள்ல எனக்கே மறக்குதேடா, பாவி! எனக்கே மறக்குதேடா!"

அவளைப் பிரித்தெடுக்க நான்கு பெண்கள் வேண்டியிருந்தது.