இரவல் கோட்டு

சென்ற மாதம் கனடாவில், ஸ்காபரோவில் என் பேரனின் கல்யாணம். பெண் எக்குவடோர் நாட்டுக் கடற்கரைக்காரி. அவர்கள் பேசும் ஸ்பானியம் சொல்லின் கடைசி ‘ஸ்’ ஒலியை விழுங்கிவிடும். மலைமேல் இருக்கும் தலைநகரத்தார் அதைக் கேட்டுச் சிரிப்பார்களாம். ஸ்பெயினின் தெற்குத் துறைமுகங்களில் கப்பலேறியவர்கள் கொண்டுவந்த பேச்சு அது, நாலு வரி நக்கல் பாட்டும் அதே கப்பலில்தான் வந்தது என்று மகனின் சம்பந்தி பெருமையாகச் சொன்னார்.

விருந்தில் பெண்ணின் மாமா கிற்றாரோடு எழுந்து, பேரனைப் பார்த்து அப்படியொரு பாட்டுப் பாடினார். அந்தப் பக்கம் சிரித்தது. எங்கள் பக்கம் விழித்தது.

“அப்பா, உவர் எங்கட பெடியனை நக்கலடிக்கிறார் போல,” என்றான் மகன்.

எனக்குப் பாதி விளங்கியது. அந்தப் பாதியே பழைய கல்யாணம் ஒன்றை ஞாபகப்படுத்தியது.

நாங்கள் மட்டக்களப்புப் பறங்கியர். போர்த்துக்கேயரிடமிருந்து வந்து, தமிழோடு உரசித் தேய்ந்த பாஷைதான் வீட்டில் பேசினோம். ஸ்பானியத்துக்கு அது ஒன்றுவிட்ட தங்கை. எனக்கு எட்டு வயதில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தமிழர். சாப்பாட்டுக்கு முன் என் மாமா வயலினோடு எழுந்து நாலு வரி பாடினார். மாப்பிள்ளையின் தகப்பனார் என்னை அருகில் இழுத்தார்.

“மனே, மாமா என்ன பாடுறார்?”

பெரியவர் ஒருவர் என்னிடம் விளக்கம் கேட்கிறார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பதுபோல் உரக்கச் சொன்னேன். “மாப்பிள்ளைக்குக் கோட்டும் இரவல், சப்பாத்தும் இரவல், பல்லு மட்டும்தான் சொந்தம்.”

கோட்டு உண்மையிலேயே இரவல். மாமாவுக்கு அது தெரியாது. எங்கள் ஆட்கள் எந்த மாப்பிள்ளைக்கும் பாடுகிற பாட்டு அது.

அவர்கள் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்கள். அப்பா படலைவரை ஓடிக் கெஞ்சினார். தங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளை இனி அந்தப் பாஷை பேசக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் திரும்பி வந்தார்கள். அதன்பின் அம்மாவும் அக்காவும் சந்தித்தபோதெல்லாம், விருந்தாளிகளைப்போல, தட்டுத்தடுமாறித் தமிழில் நலம் விசாரித்துக்கொண்டார்கள். அக்கா எனக்கு மாத்திரம் தீபாவளிப் பலகாரம் கொண்டுவருவாள். அதையும் வாங்கித் தின்றேன்.

பேரன் என் கதிரைக்கு ஓடிவந்து குனிந்தான். “அப்பப்பா, நாங்கள் இப்ப திருப்பிப் பாடவேணுமாம். சும்மா இருந்தாத்தான் அவைக்கு இன்சல்ட்.”

அன்று மாமா பாடி முடித்து வயலினைத் தாழ்த்திவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். நான் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ஏன் இன்னும் நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த நாலு வரி அவர்களுடையது. பாடுங்கள் என்று அவர்களிடம் சொல்ல, அந்தப் பந்தலில் இரண்டு பாஷையும் சரளமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் இருந்தேன்.